வெளிச்சம் பத்தல

முத்துவீரன் அண்ணாச்சியின் வண்டி மூன்றாவது தடவையாகக் கடை வாசலில் வந்து நின்றபோது, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் வண்டிகளுக்கு லைட்டு, ஹாரன், சீட் கவர் மாட்டிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். ஒளிந்துகொள்ளக்கூடத் தோதில்லை.

அந்த வண்டி தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரியும். இரண்டு பக்கமும் பால் கேன். கேன்களுக்கு நடுவே, காலை எங்கே வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாதபடி, அவர் வீட்டுக்காரி கனகலட்சுமி அக்கா. மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் தோட்டமும் மாடுகளும் உண்டு. காலைப் பாலை சொசைட்டி வண்டி வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும். சாயங்காலப் பாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒரு அடுப்புக்கு இவர்கள் கொண்டுபோக வேண்டும். போகும்போது பொழுது இருக்கும், திரும்பும்போது இருட்டிவிடும்.

அக்கா இல்லாமல் அந்த வண்டியை நான் பார்த்ததே கிடையாது. அண்ணாச்சி ஓட்ட, அக்கா பின்னாலிருந்து இடது தோளில் ஒரு தட்டு, வலது தோளில் ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே வருவார். பேரன் பிறக்கப்போகிற வயதில் இதென்ன கொஞ்சல் என்று எங்கள் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "முத்துவீரன் ஓட்டலடா, அக்கா தட்டிக்கொடுத்து ஓட்ட வைக்கி" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

"தம்பி, வெளிச்சம் பத்தல" என்றார் அண்ணாச்சி, வண்டியை விட்டு இறங்காமலே.

"அண்ணாச்சி, உங்க வண்டியில இப்ப நாலு லைட்டு இருக்கு. கம்பெனி லைட்டு தனி."

"இருக்கட்டும். பத்தலன்னுதான சொல்லுதேன்."

முதல் தடவை கார்த்திகையில் வந்தார்கள். எல்.இ.டி. லைட்டு இரண்டு வேண்டும் என்றார்கள். நான் வேலையில் ஏமாற்றுகிறவன் இல்லை. முன்னால் கால் கார்டில் கிளாம்பு போட்டு, ஒயரை டேங்குக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் இழுத்து, ரிலேயும் ஃப்யூஸும் வைத்து, ஹேண்டில்பாரில் தனி சுவிட்ச் மாட்டினேன். பிறகு வண்டியை எதிர்ச் சுவருக்கு நேரே நிறுத்தி, இரண்டு பேரையும் மேலே உட்காரவைத்து, வெளிச்சம் சுவரில் விழுகிற உயரத்தைப் பார்த்துப் போல்ட்டை முறுக்கினேன். ஆள் ஏறாமல் லைட்டைத் திருப்பினால் ஏறியபிறகு அது வானத்தைப் பார்க்கும். கேன் நிறையப் பால் இருந்தால் இன்னும் மேலே பார்க்கும் என்று கேனில் தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தேன். அவ்வளவு கவனமாகச் செய்த வேலை.

மார்கழியில் திரும்பி வந்தபோது இரண்டு லைட்டும் வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி தானாகவே ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியிருந்தார். போதாக்குறைக்கு இரண்டு கண்ணாடியிலும் நட்டநடுவே சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"யாருக்கா லைட்டுக்குப் பொட்டு வச்சது?"

"வெள்ளிக்கெழம வச்சேன். புது சாமான்ல, வைக்காம இருப்பாகளா?"

"வெளிச்சம் வார எடத்துல வைப்பாகளா? அந்தப் பக்கம் தகரத்துல வச்சா சாமி கோவிச்சுக்கிடுமா?"

"வச்சதக் கழுவிட்டா சரியாப் போச்சு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதீகளே" என்று அக்கா முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தார். அதில் கண்ணாடி இன்னும் மங்கியது.

அன்றைக்கு மஞ்சள் வெளிச்சம் தருகிற இன்னும் இரண்டு லைட்டைக் கீழே மாட்டிவிட்டேன். மஞ்சள் பனிக்கு நல்லது. எதிரே வருகிறவன் கண் கூசும், ஆள் எதிரே வந்தால் அணைத்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். மறுவாரமே மினி பஸ் டிரைவர் ஒருத்தர் என் கடைக்கு வந்து, "நீதான அந்தப் பால்காரருக்கு லைட்டு மாட்டுன? கல்யாண ஊர்வலம் வருதுன்னு நெனச்சு ஓரமா நிறுத்திட்டு நிக்கேன்யா" என்று வைதுவிட்டுப் போனார்.

அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது கேட்டேன்.

"எந்த எடத்துல பத்தல அண்ணாச்சி? பக்கத்துலயா, தூரத்துலயா?"

"சைடுல. ரெண்டு சைடுலயும் ஒண்ணுமே தெரிய மாட்டேங்கி. சைடுக்கு ரெண்டு மாட்டு."

"சைடுக்கு லைட்டா? ரோட்டு ஓரத்துல எருக்கஞ்செடியப் பாக்கப் போறீகளா?"

"மாட்டச் சொன்னா மாட்டுங்க தம்பி" என்று அக்கா குறுக்கே விழுந்தார். "எம்புட்டு லைட்டு வேணுமோ அம்புட்டும் மாட்டுங்க. மாசி பொறந்தா நான் இவிய கூட வர முடியாது. எம் மக மாரிச்செல்விக்கு நெற மாசம். அவள வீட்டுல தனியா விட்டுட்டு நான் வண்டியில தொங்கிக்கிட்டு வர முடியுமா? இவிய ஒத்தையில போயி வரணும். பாலு நின்னா மாட்ட விக்கணும், வேற வழியில்ல."

"அதுக்கும் லைட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்? பின்னால நீங்க என்ன டார்ச் லைட்டா அடிக்கிறீக?"

அக்கா கேன் மூடியை அழுத்தி அழுத்தி மூடினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. லைட்டில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என் வேலையில்தான் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும் என்ற கோபம் வேறு.

"இன்னிக்கு நானே உங்க பின்னால உக்காந்து வாரேன் அண்ணாச்சி. எங்க பத்தலன்னு என் கண்ணால பாத்துட்டு, அதுக்குப் பொறவு மாட்டுதேன்."

"நீங்க எதுக்குத் தம்பி? நான் இருக்கேன்லா" என்று அக்கா பதறினார்.

"நீங்க மினி பஸ்ல வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நீங்க இல்லாமத்தான ஓட்டப் போறாரு?"

அண்ணாச்சி டேங்கைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். "வரட்டும்ட்டி" என்றார். "தம்பியும் பாக்கட்டும்."

தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்கு மேல் சாய்ந்திருந்தது. அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்து மடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பருத்திக்கொட்டை ஆட்டின பாலைத் தொட்டியில் ஊற்றி, கன்றை ஒரு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, முட்டுக்கால் இடுக்கில் வாளியை வைத்து அவர் பீச்சுகிற வேகத்துக்கு நுரை வாளிக்கு மேலே எழும்பி வந்தது. ஒரு செவலை மாடு மட்டும் என் வாசத்துக்கு மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது.

"அதுக்கு வேத்தாள் ஆகாது" என்றார் மாரிச்செல்வி, இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றபடி. "ரெண்டு மாசத்துக்கு முன்னால அப்பா இருட்டிப் போச்சுன்னு வண்டி லைட்டத் தொழுவுக்குள்ள அடிச்சாரு. நாலு நாளு ஒரு சொட்டுப் பால் விடல. அந்த லைட்ட நீங்கதான மாட்டுனீக?"

"நாந்தான்."

"நல்லா மாட்டுனீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கைய அவிய தோள்லயே வச்சுக்கோங்க, என்ன" என்றார். விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்து எரிச்சலோடு சரி என்றேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. பகல் வெளிச்சத்தில் அண்ணாச்சி நேர்கோடு போட்ட மாதிரி ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்புக்காரர் பாலில் விரலைத் தோய்த்துப் பார்த்துவிட்டு, கேனை நேராகக் கடாயில் கவிழ்த்தார். முந்திரித் தோல் விறகின் புகையும் கொதிக்கிற பாலின் வாசமும் அந்தச் சந்து முழுக்க நிறைந்திருந்தது. "மாசியில கல்யாண ஆர்டர் இருக்கு. ஒரு நாளு தவறினாலும் நான் வேற ஆளப் பாத்துருவேன் முத்துவீரா, சொல்லலைன்னு சொல்லாத" என்றார் கரண்டியை நிறுத்தாமல். அண்ணாச்சி, "தவறாதுங்க" என்றார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. நான்கு லைட்டையும் போட்டார். ரோடு பகல் மாதிரி வெளுத்தது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன். ஓரத்துப் புளியமரத்தில் அடித்திருந்த வெள்ளைப் பட்டை, அதற்கும் அப்பால் மைல்கல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. இதற்கு மேல் என்ன வெளிச்சம் வேண்டும் இந்த மனுசருக்கு என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வந்தேன்.

தை மாசம் எங்கள் பக்கம் பாதி ரோடு விவசாயிக்குத்தான். மக்காச்சோளத்தைத் தாரில் பரப்பிக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் தலை பருமனுக்குக் கல்லை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ரோடு வலது பக்கம் வளைகிற ஒரு இடத்தில் இடது பாதி முழுக்கச் சோளம் கிடந்தது. ஒரு பெண் குனிந்து கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பஸ் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு கடந்து போனது. அது போனபிறகு ரோடு வளைந்தது, அண்ணாச்சி வளையவில்லை.

"அண்ணாச்சி, கல்லு! கல்லு!" என்று கத்தினேன். வண்டி அதே வேகத்தில் போயிற்று. பயத்தில் அவருடைய இரண்டு தோளையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பிடித்த அந்த நொடியே பிரேக் விழுந்தது. காலிக் கேன்கள் மணியடித்த மாதிரி மோத, முன் சக்கரம் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் கத்தினதுக்கு அவர் நிற்கவில்லை. கை தோளில் அழுந்தினதும்தான் நின்றார்.

சோளம் அள்ளிய பெண் துடைப்பத்தோடு பாய்ந்து வந்தாள். "நாலு லைட்டப் போட்டுக்கிட்டு வந்து ஆளு மேல ஏறப் பாக்கியே, ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பிள்ளகுட்டிக்காரிய்யா நான்!"

அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் எங்களுக்கு இடது பக்கம், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று வைதுகொண்டிருந்தாள். நான்கு லைட்டின் வெளிச்சத்தில் அவள் மூக்குத்திகூட எனக்குத் தெரிந்தது.

"தம்பி" என்றார் மெதுவாக. "சத்தம் கேக்கு, அந்தப் பிள்ள எங்க நிக்கி?"

வண்டியை வாங்கி, அவரைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் ஓட்டி வருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வண்டியை ஸ்டாண்டில்கூடப் போடவில்லை.

"ஏன்க்கா, மனுசன் கொல நடுங்குதுக்கா! கண்ணு தெரியாத ஆளுக்கு நான் மூணு மாசமா லைட்டு மாட்டிக்கிட்டு இருக்கேனா? ஒரு உசுரு போயிருந்தா யாரு பொறுப்பு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"மெதுவாப் பேசுங்க தம்பி, பக்கத்துத் தோட்டத்துல ஆளு இருக்கு."

"ஆளு கெடக்கட்டும்!"

அக்கா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். மதுரைக்குப் போய்ப் பார்த்தாயிற்று என்றார். பிறவியிலேயே உள்ள கோளாறு, கண்ணாடியும் கிடையாது, ஆப்பரேசனும் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். இருட்டினால் தெரியாது. பகலிலும் நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வருகிறது. இருட்டினபிறகு வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருக்கிறார்.

"அன்னையிலருந்து நான் பின்னால ஏறிக்கிட்டேன். எடது பக்கம் எதுவும் வந்தா எடது தோள்ல தட்டுவேன். வலதுன்னா வலது தோளு. ரெண்டையும் அழுத்துனா நிறுத்தணும். அஞ்சு வருசமா ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏறல தம்பி. ஊரு சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். அடுப்புக்காரருக்குத் தெரிஞ்சா மறுநாளே பாலு வேண்டாம்னுருவாரு."

டீக்கடையில் சிரித்த அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

"வெளிச்சம் கூடுனா தெரியும்னு நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி. "நேரா உள்ளது நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. இன்னும் ரெண்டு போட்டா சைடும் தெரிஞ்சிரும்னு..."

"லைட்ட இப்பவே கழட்டுதேன்" என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"கழட்டிட்டு? மாட்ட விக்கவா?" என்று உள்ளேயிருந்து மாரிச்செல்வி கத்தினார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "ரெண்டு பேரும் சேந்து எம்புட்டு நாளாக் கூத்துக் கட்டுதீக! அஞ்சு வருசமா ரோட்டப் பாத்துக்கிட்டு வாரது யாரு? நீதானம்மா? எப்ப பிரேக் போடணும், எப்பத் திருப்பணும்னு எல்லாம் ஒனக்குத் தெரியும். ஹேண்டில்பார் மட்டுந்தான் அப்பா கையில இருக்கு. அத நீ பிடி."

"நானா? போடி அங்கிட்டு. சேலையக் கட்டிக்கிட்டு அந்த டேங்குக்கு மேல நான் ஏறவா?"

"எக்ஸெல் வண்டி வாங்கு, அதுல டேங்கு குறுக்க நிக்காது, கியரும் கெடையாது. கத்தரிக்கா யாவாரத்துக்கு எத்தன பொம்பளைக போறாக."

"நான் போயிட்டா ஒங்கூட யாரு இருக்கா?"

"அப்பா இருக்காரு. வலி வந்தா ஆட்டோவுக்குப் போன் பண்ண அவருக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள அவருக்கு எது எங்க இருக்குன்னு ஒன்னவிட நல்லாத் தெரியும்."

அண்ணாச்சி எழுந்து தொழுவுக்குள் போய்விட்டார். மாட்டோடு ஏதோ பேசுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்று எனக்குப் பட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அவருடைய வண்டியைக் கொடுத்து மாற்றிப் பழைய எக்ஸெல் ஒன்றை நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் அவர் வாய் சும்மா இல்லை. "என் வண்டிய வாங்கிக்கிட்டுக் கொசுவக் குடுத்துட்டீகளே தம்பி" என்றார். ஆனால் அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். களத்துமேட்டில் காலை வெயிலில் நட்டநடுவே நின்றுகொண்டு, நேரே வரச்சொல்லி, ராணுவத்தில் சுபேதார் கத்துகிற மாதிரி கத்தினார்.

"ஏட்டி, காலத் தூக்கு! காலத் தரையில தேச்சுக்கிட்டே வந்தா செருப்புதான் தேயும்!"

"கத்தாதீக! கத்துனா எனக்குக் கையி நடுங்குது!"

"பிரேக்கப் பிடி! பிரேக்க! ஐயோ, வைக்கோப்படப்பு!"

படப்புக்குள் பாதி வண்டி போய் நின்றது. அக்கா வைக்கோலைத் தட்டிக்கொண்டே எழுந்து, "அஞ்சு வருசம் ஒங்கள நான் கத்தாம ஓட்ட வைக்கல? ஒரு தடவ ஒரு சத்தம் போட்டிருப்பேனா?" என்றார். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா இரண்டே நாளில் பழகிவிட்டார்.

மாசி பிறந்ததும் எக்ஸெலுக்கு லைட்டு மாட்ட நானே தோட்டத்துக்குப் போனேன். சின்ன பேட்டரி, நான்கு தாங்காது. இரண்டு மட்டும் மாட்டினேன். அக்காவை ஏற்றி, பால் கேனையும் தொங்கவிட்டுத் தொழுவுச் சுவரில் வெளிச்சத்தின் உயரம் பார்த்தேன். செவலை மாடு மிரளாமல் இருக்க அண்ணாச்சி அதன் முகத்தைத் தன் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டார். அக்கா குங்குமச் சிமிழோடு வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே லைட்டின் பின்னால் தகரத்தில் வைத்தார்.

அன்றைக்குப் பால் கொஞ்சம் பிந்திவிட்டது. அக்கா கிளம்பும்போதே மசங்கிவிட்டது. லைட்டைப் போட்டார். "மாரிக்குக் கேப்பக் களி கிண்டிக் குடுத்துருங்க, உப்பு போட்டாச்சு, மறுபடி போடாதீக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அண்ணாச்சியும் நானும் வாசலில் நின்றோம். வண்டிச் சத்தம் தென்னைகளுக்கு நடுவே குறைந்துகொண்டே போனது.

தோட்டத்துப் பாதை முடிகிற இடத்தில் அக்கா வலது பக்கம் தார் ரோட்டில் திரும்பிவிட்டார். சோளக்கொல்லைக்கு மேலாக இரண்டு லைட்டும் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணாச்சி மட்டும் நேரே, காலியாகக் கிடந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தை நீட்டினார். கண்ணைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இருட்டைப் பார்த்தார். எங்கே என்று என்னிடம் கேட்கவும் அவருக்கு மனமில்லை.

பக்கத்தில் போய் அவருடைய வலது தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

சட்டென்று தலை திரும்பியது. கொஞ்ச நேரம் தேடினார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். அந்த வெளிச்சம் புளியமரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போகிறவரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்க பஸ்ஸு வார நேரம்" என்றார் எரிச்சலோடு. "லைட்ட அணைக்காமலே போறா பாருங்க தம்பி. அடுத்தவன் கண்ணு கூசாது?"